அரைநேர்ப் பெருக்கத்தில் ஆராய்ச்சியா? முதலில் 27, 81 கணக்கைப் போட்டுப் பாருங்கள்

முடிவுறு அரைக்குலங்களில் (சேர்ப்புப் பண்புள்ள ஒரு செயலி கொண்ட முடிவுறு கணங்கள்), குறிப்பாக அரைநேர்ப் பெருக்கத்தில் (ஒன்று மற்றொன்றின்மீது செயல்படும் இரண்டு அரைக்குலங்களை இணைக்கும் முறை), முனைவர் பட்டம் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். குலக் கோட்பாட்டில் வாங்கிய மதிப்பெண்ணை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அந்தப் பழக்கமே இங்கே காலை வாரும்.

அரைநேர்ப் பெருக்கத்தின் விதி இதுதான்: (அ, ப)(ஆ, ம) = (அ + ப·ஆ, பம). அ, ஆ ஓர் அரைக்குலத்தின் உறுப்புகள்; ப, ம அதன்மீது செயல்படும் மற்றொன்றின் உறுப்புகள்; ப·ஆ என்பது ஆ-வின்மீது ப செயல்பட்டால் கிடைப்பது. சேர்ப்புப் பண்புக்கு ப·(அ + ஆ) = ப·அ + ப·ஆ, (பம)·அ = ப·(ம·அ) இரண்டும் போதும். ஆனால் இரண்டு மோனாய்டுகளை, அதாவது எதையும் மாற்றாத சமனி உறுப்பு உள்ள அரைக்குலங்களை, எடுத்தாலும் அவற்றின் சமனிகளான 0, 1 சேர்ந்த (0, 1) சமனியாக அமையும் என்று சொல்ல முடியாது. அதற்கு 1·அ = அ, ப·0 = 0 இரண்டும் வேண்டும். குலத்தில் (எல்லா உறுப்புக்கும் நேர்மாறு உள்ள மோனாய்டில்) இரண்டாவது தானாக வந்துவிடும். தன்னையே பெருக்கினால் தானாகவே இருக்கும் உறுப்பு அங்கே சமனி ஒன்றுதான். மோனாய்டில் அப்படிப்பட்டவை பல இருக்கலாம், 0 அவற்றில் ஒன்றுக்குப் போய்விடலாம்.

அடுத்த சோதனை ஃபிளிப்-ஃபிளாப் என்ற சிறு பொறி. நிலைகள் 2, செயல்கள் 3: சும்மா இரு, முதல் நிலைக்குப் போ, இரண்டாம் நிலைக்குப் போ. அதை அதனோடே ரீத் பெருக்கம் செய்யுங்கள்: ஒன்றின் ஒவ்வொரு நிலைக்கும் மற்றொன்றின் ஒரு செயலைத் தேர்ந்து அமைக்கும் அரைநேர்ப் பெருக்கம் அது. நிலைகளின்மீது செயல்படும் உருமாற்றமாக எடுத்தால் 3² × 3 = 27 உறுப்புகள். நிலைகளை மறந்து வெறும் மோனாய்டாக எடுத்தால், 2 நிலைகளுக்குப் பதில் 3 செயல்களுக்கும் தேர்வதால், 3³ × 3 = 81. கட்டுரைகளில் இரண்டு வழக்கமும் உண்டு. எது என்று பார்க்காமல் படித்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். கேப் (GAP) என்ற இயற்கணித மென்பொருளின் செமிகுரூப்ஸ் (Semigroups) தொகுப்பில் 27-ஐ நீங்களே உருவாக்கிப் பாருங்கள். இந்த வேலை அலுப்புத் தட்டினால் துறையை மாற்றிக்கொள்வது நல்லது, ஏனென்றால் பாதி ஆராய்ச்சி இப்படித்தான் போகும்.

ஆய்வுத் தலைப்பைத் தேர்வதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். எந்த முடிவுறு அரைக்குலமும் எளிய குலங்களும் (மேலும் உடைக்க முடியாத குலங்கள்) ஃபிளிப்-ஃபிளாப்களும் சேர்ந்த ரீத் பெருக்கம் ஒன்றை வகுக்கும் (அதன் ஓர் உள் அரைக்குலத்தின் பிம்பமாகக் கிடைக்கும்) என்பது 1965-இல் வந்த குரோன்–ரோட்ஸ் தேற்றம். அதில் குறைந்தது எத்தனை குல அடுக்குகள் தேவை என்று கணிக்க முடியுமா என்பது பல பத்தாண்டுகள் திறந்தே கிடந்தது. மார்கோலிஸ், ரோட்ஸ், ஷில்லிங் மூவரும் 2024-இல்தான் நிரூபணம் அறிவித்தார்கள். முதல் ஆய்வேட்டுக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். சூடோவெரைட்டி என்பது உள் அரைக்குலம், பிம்பம், முடிவுறு நேர்ப் பெருக்கம் எடுத்தாலும் உள்ளேயே இருக்கும் முடிவுறு அரைக்குலங்களின் தொகுதி; ஓர் அரைக்குலம் அதில் உண்டா என்று கணித்துச் சொல்ல முடிந்தால் அது தீர்மானிக்கத்தக்கது. தீர்மானிக்கத்தக்க இரண்டு சூடோவெரைட்டிகளின் அரைநேர்ப் பெருக்கம் தீர்மானிக்க முடியாததாகவும் போகலாம் என்று ரோட்ஸ் 1999-இல் காட்டிவிட்டார். ஆகவே 'இந்தப் பெருக்கம் தீர்மானிக்கத்தக்கதா' என்ற ஒரே கேள்வியை நம்பி ஆண்டுகளைக் கட்டாதீர்கள். அரைநேர்ப் பெருக்கத்தை ஆராய டில்சன் 1987-இல் தந்த வருவிக்கப்பட்ட வகையக் (derived category) கருவியைக் கற்று, குறிப்பிட்ட ஒரு சிறு பெருக்கத்தில் தொடங்குங்கள்.

வீட்டில் வேலையைப் பற்றிக் கேட்பார்கள். இந்தப் பெயரில் விளம்பரம் வராது. இயற்கணிதம், கோட்பாட்டுக் கணினியியல் என்ற பெயர்களில்தான் வரும். ஆகவே ஓர் அத்தியாயமாவது ஆட்டோமேட்டா (நிலை மாறும் கணிப்பு மாதிரிகள்), அவை ஏற்கும் ஒழுங்கு மொழிகள் பற்றியதாக இருக்கட்டும், நிரலும் எழுதுங்கள். மென்பொருள் சரிபார்ப்புப் பணிகளுக்கும் அது கைகொடுக்கும்.

வழிகாட்டியிடம் சேருமுன் ஒன்று கேளுங்கள்: முதன்மைச் சிக்கல் அவிழாவிட்டால் மாற்றுச் சிக்கல் எது? பதில் மழுப்பலாக வந்தால் வேறு வழிகாட்டியைத் தேடுங்கள்.