கேரவனில் படுத்துக்கொண்டே போகலாமா?

கேள்வி: என் மகன் ஆஸ்திரேலியாவில் டார்வின் நகரில் வேலை பார்க்கிறான். வருகிற ஜூலையில் நானும் கணவரும் அங்கே போகிறோம். கேரவன் வாடகைக்கு எடுத்து, மருமகள், ஆறு வயதுப் பேரன் சகிதம் ககாடு தேசியப் பூங்காவில் ஐந்து நாள் தங்கலாம் என்கிறான். கணவருக்கு முதுகுவலி உண்டு. வழியில் கேரவனுக்குள் அவர் படுத்துக்கொண்டு வரலாமா? அங்கே முதலை உண்டாமே?
— வாசகி, ஈரோடு

பதில்: கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஏறி உட்காரும் ஏசி வண்டிதான் உங்கள் மனதில் வந்திருக்கும். டார்வினில் குடியேறிய புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இது காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற, சக்கரம் வைத்த அறை. ஓடும்போது அதற்குள் ஆள் இருப்பது அங்கே சட்டப்படி குற்றம். எனவே உங்கள் கணவர் காரில்தான் வர வேண்டும். முன் இருக்கையை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். மணிக்கொரு முறை இறங்கி நடக்கட்டும். டார்வினிலிருந்து பூங்காவுக்குள் இருக்கும் ஜபிரு ஊர் சுமார் 250 கிலோமீட்டர், முழுக்கத் தார்ச்சாலை. மாத்திரைகளைக் கேரவனில் பூட்டாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜபிருவில் சிறிய மருத்துவ நிலையம் உண்டு. பெரிய மருத்துவமனைக்கு டார்வினுக்குத்தான் திரும்ப வேண்டும்.

சாமான் விஷயத்தில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் பயணத்தில் துவரம்பருப்பையும் சாம்பார் பொடியையும் மேல் அலமாரியில் வைத்தேன். தாழ்ப்பாள் விழுந்ததா என்று அழுத்திப் பார்க்கவில்லை. முதல் நிறுத்தத்தில் கதவைத் திறந்தால் மெத்தை முழுக்கப் பருப்பு. பொடி தலையணை உறைக்குள்ளேயே இறங்கியிருந்தது. இரண்டு இரவு தும்மிக்கொண்டே படுத்தோம். கனமானவை தரையில், சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கட்டும். பின்பக்கம் பாரம் ஏறினால் வண்டி வாலை ஆட்டும். எதிரே 50 மீட்டருக்கும் மேல் நீளமான ரோடு டிரெயின் லாரி கடக்கும்போது காற்றில் இன்னும் ஆடும். அந்தி சாய்வதற்குள் முகாம் சேர்ந்துவிடச் சொல்லுங்கள். கங்காருவும் காட்டெருமையும் சாலைக்கு வரும் நேரம் அது.

முதலைக்கு உங்கள் கடிதத்தில் ஒரே வரிதான். நான் அப்படி விட முடியாது. பவானி கூடுதுறைக்குப் போனால் கால் நனைக்காமல், ஒரு கை அள்ளி முகத்தில் விட்டுக்கொள்ளாமல் திரும்புவீர்களா? நானும் மாட்டேன். ககாடுவில் அந்தப் பழக்கத்தைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். உப்புநீர் முதலை என்ற பெயரை நம்பி நன்னீர்க் குளம்தானே என்று நினைக்கவும் வேண்டாம். மழைக்கால வெள்ளத்தில் உள்ளே ஏறி வந்து, நன்னீர்க் குட்டைகளிலேயே அது தங்கிவிடும். கரையிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். பாத்திரம் கழுவவோ மீன் அலசவோ கரைக்குப் போகவே கூடாது. காலையில் ஓரிடத்தில் தண்ணீர் மொண்டவர் மாலையிலும் அங்கேதான் வருவார் என்று காத்திருக்கிற பிராணி அது. பேரனின் கையை யார் பிடிப்பது என்பதை இறங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

இதற்குப் பயந்து பயணத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றில் கேஹில்ஸ் கிராசிங் என்ற தரைப்பாலம் இருக்கிறது. கடல் ஏற்றத்தில் ஆறு பின்னோக்கி ஓடிப் பாலத்தின் மேல் ஏறும். கூடவே மடவை மீன்கள் வரும். அவற்றுக்காக முதலைகள் வந்து நிற்கும். மேட்டில் இருந்தபடியே பார்க்கலாம். ஒருமுறை மரக்கட்டை என்று நினைத்துக் கொஞ்ச நேரம் பார்த்திருந்தேன். அதன் நுனியில் ஒரு மூக்குத் துவாரம் திறந்தது, மூடியது. பாலத்தைக் கடந்தால் பூர்வகுடி மக்களுக்குச் சொந்தமான ஆர்னெம் லேண்ட். அதற்குத் தனி அனுமதி வேண்டும், உங்களுக்குத் தேவையும் இல்லை.

அருகிலேயே உபிர் பாறை ஓவியங்கள். எலும்பும் குடலும் தெரிகிற மாதிரி வரைந்த மீன்களைப் பேரனுக்குக் காட்டுங்கள். ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் எப்போதோ அற்றுப்போன டாஸ்மேனியப் புலி என்ற, வயிற்றில் பை உள்ள விலங்கும் அங்கே ஒரு பாறையில் இருக்கிறது. ஓவியங்களைச் சுற்றும் பாதை எளிது. உச்சிப் பாறை ஏற்றத்தில் கணவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். இன்னொரு நாள் கூயிண்டாவில் தங்கி யெல்லோ வாட்டர் என்ற நீர்நிலையில் விடியற்காலைப் படகில் ஏறுங்கள். அந்த நிலத்துக்கு உரிய பினிஞ் மக்கள் ஆண்டை ஆறு பருவமாகப் பிரிக்கிறார்கள். நீங்கள் போவது வுர்கெங் என்ற குளிர்ப் பருவம். குட்டைகள் சுருங்கும், பறவைகள் அங்கே குவியும். பகலில் 30 டிகிரி, இரவில் 17 வரை இறங்கும். ஈரோட்டுக்காரர்களுக்கு ஸ்வெட்டர் தேவைப்படும். எங்காவது புகை தெரிந்தால் பதற வேண்டாம். பின்னால் பெருந்தீ பிடிக்காதிருக்கப் புல்லைச் சிறிது சிறிதாக எரிப்பது பினிஞ் மக்களின் பழைய முறை. நெருப்போரத்தில் தப்பி ஓடும் பூச்சிகளுக்காகப் பருந்துகள் வட்டமிடும்.

கேள்வி: சிட்னியில் இருக்கிறோம். ஏப்ரல் விடுமுறையில் கேரவனோடு ககாடுவில் இருக்கும் ஜிம் ஜிம் அருவிக்குப் போக முடியுமா?
— வாசகர், சிட்னி

பதில்: முடியாது. ஏப்ரலில் பெரும்பாலும் பாதையே திறந்திருக்காது. திறந்த பிறகும் கடைசி 10 கிலோமீட்டர் நான்கு சக்கரமும் இழுக்கும் உயரமான வண்டிக்கு மட்டும்தான். கேரவனை ஜபிருவிலோ கூயிண்டாவிலோ நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். மண்பாதைக்கு அனுமதி உண்டா என்று வாடகை ஒப்பந்தத்தையும் படித்துவிடுங்கள். இன்னொரு சங்கடம்: பாதை காய்ந்து உங்களை உள்ளே விடும் மாதங்களில் அருவியும் மெலிந்துகொண்டே போகும். கொட்டுகிற அருவியைப் பார்க்க ஆசையென்றால், மழைக்காலத்தில் ஜபிருவிலிருந்து கிளம்பும் சிறு விமானம்தான் வழி. ஜன்னலோர இருக்கை கேளுங்கள்.