சித்திரைப் பிறப்பு விருந்து: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வருஷப் பிறப்புக்கு 25 பேர் வருகிறார்கள். பானகம் எப்படிக் கலப்பது?

பதில்: பொடித்த வெல்லம் 1 கிலோ, தண்ணீர் 5 லிட்டர். கரைந்ததும் வடிகட்டியே ஆகவேண்டும். மண் இல்லாத வெல்லத்தை நான் பார்த்ததில்லை. பிறகு சுக்குப்பொடி, ஏலக்காய், எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. பச்சைக் கற்பூரம் கடுகளவு போதும். சாமிக்கு ஏற்றும் சூடம் வேறு, அது வயிற்றுக்குள் போனால் விஷம். எது எது என்று சந்தேகம் வந்தால் இரண்டையுமே போடாதீர்கள்.

கே: மாங்காய்ப் பச்சடியில் துண்டு வேகவே இல்லை. வேப்பம்பூவும் ஒரே கசப்பு.

ப: மாங்காய் குழைந்த பிறகுதான் வெல்லம். முந்திக்கொண்டால் துண்டு விறைத்துவிடும். பூவை நெய்யில் சிவக்க வறுத்து, பரிமாறும்போது மேலே தூவுங்கள். கூடவே கொதிக்கவிட்டால் சட்டி முழுக்கக் கசக்கும்.

கே: மாமனாருக்குச் சர்க்கரை. பானகம் தரலாமா?

ப: டாக்டரைக் கேளுங்கள். நீர்மோர் இருக்கவே இருக்கிறது.

கே: எங்கள் தூத்துக்குடிப் பக்கம் பானகம் என்றால் புளிதான். எலுமிச்சை எல்லாம் ஜூஸ் கடைப் பழக்கம்!

ப: கோயில் பானகத்திலும் எலுமிச்சை உண்டு, அங்கே போய் இதைச் சொல்லுங்கள் பார்ப்போம். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எலுமிச்சை பிழிந்து நேரமானால் கசப்பு ஏறும். காலையில் கலந்து மதியம் வரை வைக்கிற கூட்டத்துக்குப் புளிதான் தாங்கும்.

கே: புளி ஊற்றினால் அது ரசம் இல்லையா அக்கா?

ப: ரசத்தில் வெல்லத்தைக் கிலோக் கணக்கில் போடுகிற வீடா உங்களுடையது? குடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

கே: ஜிகர்தண்டாவுக்குப் பாதாம் பிசின்?

ப: முதல் நாள் இரவே ஊறவேண்டும். கொஞ்சமாகப் போடுங்கள், ஊறினால் பல மடங்கு உப்பிவிடும்.

கே: பானகத்தில் கற்பூரம் எவ்வளவு போடணும்?

ப: முதல் பதில். சூடம் வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

கே: நான் ரசம் என்று கேட்டவள். ஒரு கிலோ வெல்லத்துக்குப் புளி எவ்வளவு?

ப: அப்படி வாருங்கள் வழிக்கு. எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டை, புதுப்புளியாக. பழையது நிறத்தைக் கறுக்க வைக்கும்.