பட்டறையின் ஓதம் அடிக்கும் செங்கல் சுவரில் பலகை அடித்துக் கருவிகளை மாட்டலாமா?

மாட்டலாம். ஆனால் பலகை ஈரத்தைத் தடுக்காது, மறைக்கத்தான் செய்யும். சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்று ஓட வழி விட்டால்தான் மரமும் கருவிகளும் பிழைக்கும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இரண்டடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி 48 மணி நேரம் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். காய்ந்த வெயில் நாளில் செய்து பார்த்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம்.

சுவருக்குள்ளிருந்து என்றால் வைத்தியம் வெளிப்பக்கம்தான். வெளியே மண் சுவரோடு அணைந்து கிடந்தால், உள்தரை மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. வரை வெட்டி இறக்குங்கள். ஒழுகும் மழைநீர்க் குழாய், உதிர்ந்த சாந்து இடுக்கு எல்லாவற்றையும் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் 9 அங்குலச் சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். பொறுமையில்லாமல் உட்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிப்பதுதான் வழக்கமான தவறு. வெளியேற வழியில்லாத நீர் சுவரில் இன்னும் மேலே ஏறும். உப்பு பூத்து, பெயின்டைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடும்.

பலகையைத் தாங்கும் சட்டத்துக்கு 2 × 1½ அங்குல ரீப்பர் (நீள மரக்கட்டை), அழுகாமலிருக்க மருந்தேற்றிய மரமாக. வெட்டிய முனைகளிலும் மருந்து தடவுங்கள். அழுகல் தொடங்குவது அங்கேதான். ரீப்பரைச் செங்குத்தாகவே அடிக்க வேண்டும். குறுக்கே அடித்தால் ஒவ்வொன்றும் காற்றுக்கு அணை. ஒவ்வொரு ரீப்பருக்குப் பின்னாலும் 3 அங்குல அகலத்தில் தடித்த பாலித்தீன் பட்டை வையுங்கள், சுவரின் ஈரம் மரத்துக்குத் தாவாது. 8 × 4 அடி பிளைவுட் 18 மி.மீ. என்றால் 2 அடிக்கு ஒரு ரீப்பர், 12 மி.மீ. என்றால் 16 அங்குலத்துக்கு ஒன்று. கருவி மாட்டுவதற்கு 18 மி.மீ.தான் என் தேர்வு. எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டவே வேண்டாம், ஈரத்தில் உப்பிவிடும்.

ரீப்பரைச் சுவரில் இறுக்க 8 மி.மீ. பிளக் (சுவர் ஓட்டையில் ஸ்க்ரூவைப் பிடிக்கும் உறை), 100 மி.மீ. ஸ்க்ரூ, இரண்டடிக்கு ஒன்று. ஓட்டை செங்கலின் நடுவில் விழ வேண்டும், சாந்து இடுக்கில் பிளக் பிடிக்காது. துளையுள்ள செங்கல் என்றால் டிரில்லின் சுத்தியல் அதிர்வை நிறுத்திவிட்டுத் துளையுங்கள். இல்லாவிட்டால் செங்கலின் உள்தடுப்பு நொறுங்கி பிளக் சும்மா சுற்றும். சுவர் கோணலாக இருந்தால் முட்டுக்கு பிளாஸ்டிக் துண்டு கொடுங்கள், மரச் சில் நீரைக் குடிக்கும். ஸ்க்ரூ எல்லாம் கால்வனைஸ் செய்ததாகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கட்டும்.

பிளைவுட்டைத் தரையிலிருந்து 1 அங்குலம் தூக்கி, மேலேயும் 1 அங்குலம் விட்டு மாட்டுங்கள். கீழ் இடைவெளியில் எலி புகாமல் கம்பி வலை. பலகையின் பின்பக்கத்துக்கும் நான்கு விளிம்புகளுக்கும் பெயின்ட் உண்டு. இடைவெளியில் கண்ணாடிப் பஞ்சை அடைக்காதீர்கள், நனைந்த பஞ்சு சுவரோடு ஒட்டிய ஈரத்துணிதான். மூடுமுன் ரீப்பர், மின்குழாய் இருக்கும் இடங்களைத் தரையில் குறித்துக்கொள்ளுங்கள்.

கருவி மாட்ட, 18 மி.மீ. பிளைவுட்டில் 6 அங்குலப் பட்டையை நடுவே 45 டிகிரியில் நீளவாக்கில் அறுங்கள். ஒரு பாதி சுவருக்கு, கூர் விளிம்பு மேலே அறையைப் பார்க்கும்படி. மறுபாதி கருவித் தாங்கியின் முதுகில் தலைகீழாக; இரண்டும் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். சுவர்ப் பட்டைக்கு 65 மி.மீ. ஸ்க்ரூ, ஒவ்வொரு ரீப்பரிலும் இரண்டு. வெறும் பலகையில் மட்டும் முடுக்கினால் கனமான கிளாம்ப் வரிசை ஒருநாள் பிடுங்கிக்கொண்டு விழும்.

சுவர் காய்ந்தும் உளி, ரம்பம் துருப்பிடித்தால் குற்றவாளி காற்று. ஈரப்பதமானி ஒன்று மாட்டுங்கள். 60 சதவீதத்தைத் தாண்டியே நின்றால் ஈரம் உறிஞ்சும் கருவி வேண்டும். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் வைத்து உலர்த்துவது நேர் எதிர் வேலை: 1 கிலோ எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீர் ஆவியாக அறைக்குள்ளேயே சேரும்.