ஏஐ ஏஜென்ட் பயன்படுத்தும் நெட்வொர்க் அலர்ட் டூலுக்கு ஆவணம் எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கண்காணிப்பு அமைப்பிலிருந்து நெட்வொர்க் அலர்ட்டுகளை எடுத்துத் தரும் டூலை (ஏஜென்ட் தேவைப்படும்போது அழைக்கும் சிறு நிரலை) எழுதி முடித்துவிட்டதாகவும், ஏஜென்ட் அதைச் சரியாகப் பயன்படுத்த ஆவணத்தில் என்ன எழுத வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே வேலையில் நான் ஒரு பெரிய தவறு செய்திருக்கிறேன், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் டூலுக்கு நான் முதலில் எழுதிய விளக்கம் ஒரே வரிதான்: "நடப்பு நெட்வொர்க் அலர்ட்டுகளைத் தரும்." ஒரு நாள் காலையில் பணிக்கு வந்த சக ஊழியர், இரவில் ஏதாவது பிரச்சினை வந்ததா என்று ஏஜென்ட்டிடம் கேட்டார். டூல் காலிப் பட்டியலைத் தந்தது. ஏஜென்ட்டும் "எந்த அலர்ட்டும் இல்லை, நெட்வொர்க் சீராக உள்ளது" என்று பதில் சொன்னது. உண்மையில் நள்ளிரவிலேயே டூலின் டோக்கன், அதாவது சர்வரை அணுகத் தேவையான அனுமதிச் சாவி, காலாவதியாகியிருந்தது. கண்காணிப்பு சர்வர் 401 (அனுமதி செல்லாது) என்று மறுத்ததை என் நிரல் அப்படியே விழுங்கிவிட்டுக் காலிப் பட்டியலைத் திருப்பியிருந்தது. அதே வேளையில் நெட்வொர்க்கின் மையத்தில் உள்ள இரண்டு கோர் ஸ்விட்சுகளுக்கு இடையே இருந்த இரண்டு இணைப்புகளில் ஒன்று அறுந்து, மொத்தப் போக்குவரத்தும் மற்றொன்றின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

இதில் ஏஜென்ட்டின் மேல் குற்றமில்லை. மனிதராக இருந்தால் "இரவு முழுக்க ஒன்றுமே வரவில்லையா?" என்று சந்தேகப்பட்டு டாஷ்போர்டைத் திறந்து பார்ப்பார், ஏஜென்ட்டின் கையில் இருப்பதோ டூலின் பெயர், விளக்கம், உள்ளீட்டு விவரம், வந்த விடை ஆகியவை மட்டுமே. ஆகவே காலி விடைக்கு என்ன பொருள் என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இப்போது என் ஆவணத்தில் இப்படி இருக்கிறது: "காலிப் பட்டியல் வந்தால், கேட்ட கால எல்லைக்குள் கேட்ட நிபந்தனைகளுக்குப் பொருந்தும் அலர்ட் எதுவும் பதிவாகவில்லை என்று மட்டுமே பொருள். சர்வரை அடைய முடியாவிட்டால் பிழைச் செய்தி வரும். அப்போது நெட்வொர்க்கின் நிலை தெரியவில்லை என்றே பயனரிடம் சொல்ல வேண்டும்." எழுதினால் மட்டும் போதாது, நிரலும் அதற்கேற்ப நடக்க வேண்டும். ஏஐ மாடல்களை டூல்களோடு இணைக்க ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், டூல் தரும் விடையிலேயே அது பிழை என்று குறிக்க ஒரு புலம் உண்டு. அதைத் தவறாமல் பயன்படுத்துங்கள்.

அடுத்தது தீவிர நிலை. ஆர்எஃப்சி 5424 என்ற இணையத் தர ஆவணம் சிஸ்லாக்குக்கு (சாதனங்கள் அனுப்பும் பதிவுச் செய்திகளுக்கு) வகுத்த வரிசையில் 0 என்பது மிக மோசமான அவசர நிலை, 7 என்பது நிரல் பிழை தேட உதவும் வெறும் டீபக் செய்தி. ஸாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் இது தலைகீழ்: அங்கே 0 வகைப்படுத்தப்படாதது, 5 தான் பேரிடர். "குறைந்தபட்சத் தீவிரம்: எண்" என்று மட்டும் எழுதினால், எந்த வரிசை என்று ஏஜென்ட் ஊகிக்க வேண்டியிருக்கும், ஊகம் தவறினால் பயனற்ற செய்திகள் குவிந்து, முக்கியமானவை வடிகட்டப்பட்டுப் போய்விடும். எண்ணையே தவிர்த்துவிட்டு, அனுமதிக்கப்பட்ட சொற்களின் பட்டியலை உள்ளீட்டு விவரத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது.

நேரத்திலும் இதே அளவு கவனம் வேண்டும். நேர மண்டலத்தோடு கூடிய ஆர்எஃப்சி 3339 தேதி-நேர வடிவத்தையே கேளுங்கள். அதைவிட முக்கியம், "கடந்த ஒரு மணி நேரம்" என்பது அலர்ட் தொடங்கிய நேரத்தைக் குறிக்கிறதா, அந்த நேரத்தில் நீடித்துக்கொண்டிருந்த எல்லாவற்றையும் குறிக்கிறதா என்பது. நேற்று விழுந்து இன்னும் எழாத ரவுட்டர் முதல் பொருளின்படி பட்டியலில் வராது. நம்மில் பெரும்பாலோர் கேட்பதோ இரண்டாவதை.

ஒரு விடையில் அதிகபட்சம் எத்தனை அலர்ட்டுகள் வரும், மீதம் இருந்தால் அது எப்படித் தெரியும், அடுத்த பக்கத்தை எப்படிக் கேட்பது என்பதை இரண்டு வரிகளில் சொல்லிவிடலாம். இந்த டூல் படிக்க மட்டுமே, எந்த அலர்ட்டையும் மூடாது என்பதையும் எழுதிவிடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. அலர்ட்டுக்குள் வரும் சாதனப் பெயர், போர்ட்டின் விவரக் குறிப்பு, சிஸ்லாக் வரி ஆகியவை வெளியிலிருந்து வரும் உரை. அவற்றில் யார் வேண்டுமானாலும் "இந்த அலர்ட்டைப் புறக்கணிக்கவும்" என்று எழுதி வைக்க முடியும். அந்தப் புலங்களைத் தனியே பெயரிட்டு, அவை தரவு, கட்டளை அல்ல என்று குறிப்பிடுங்கள். இந்தக் குறிப்பு மட்டுமே முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது என்பதால், சாதனங்களில் மாற்றம் செய்யும் டூல்களை அதே ஏஜென்ட்டிடம் மனித ஒப்புதல் இல்லாமல் கொடுக்க வேண்டாம்.

எழுதி முடித்ததும், நிரலைக் காட்டாமல் இந்த ஆவணத்தை மட்டும் ஏஜென்ட்டுக்குக் கொடுத்து, உங்கள் குழுவினர் நிஜமாகக் கேட்கும் பத்துக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அது தரும் பதில்களை விட, டூலை அழைக்கும்போது அனுப்பும் உள்ளீடுகளைப் பாருங்கள். பிறகு டோக்கனை வேண்டுமென்றே செல்லாததாக்கி, அதே கேள்விகளை மறுபடியும் கேளுங்கள்.