வேர்க்கடலை அலர்ஜிக்கு வேர்க்கடலையே மருந்தா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: டாக்டர், ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அதையே ஊட்டுவதா? கேட்கவே நடுங்குகிறது.

பயம் நியாயம்தான் அம்மா. ஆனால் கையில் அள்ளிக் கொடுப்பதில்லை, அளந்த கடலை மாவு. அமெரிக்காவில் 2020-இல் அனுமதி கிடைத்த பால்ஃபோர்சியா என்ற கடலை மாவு மருந்தில் முதல் நாள் கிளினிக்கிலேயே உட்காரவைத்து அரை மில்லிகிராமில் ஆரம்பிப்பார்கள், அப்புறம் வீட்டில் தினமும் 3 மி.கி., இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் ஒரு படி ஏற்றி 300 வரை போவார்கள். 300 மி.கி. புரதம் என்றால் ஏறக்குறைய ஒரே ஒரு கடலைப் பருப்பு. அதற்கே ஐந்து மாதத்துக்கு மேல்!

கேள்வி: முடிந்ததும் லீவுக்கு ஊருக்கு வந்தால் கடலை மிட்டாய் சாப்பிடலாமா? (நியூ ஜெர்சியிலிருந்து)

கூடாது. தெரியாமல் வாயில் பட்டால் ஆபத்து குறையட்டும் என்பதற்குத்தான் இவ்வளவும். 2018-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், மருந்து எடுத்த பிள்ளைகளில் 67 சதவீதம் பேர் 600 மி.கி.யைத் தாங்கினார்கள், கடலை இல்லாத வெறும் மாவு எடுத்தவர்களில் 4 சதவீதம்தான். நல்ல பலன், ஆனால் 600 என்பது இரண்டு பருப்பு. லேபிள் பார்ப்பதும் கடுமையான அலர்ஜி வந்தால் உடனே போடும் அட்ரினலின் ஊசியைக் கூடவே வைத்திருப்பதும் தொடரும்.

கேள்வி: டோஸ் கொடுத்துவிட்டு நீச்சலுக்கு அனுப்பலாமா சார்?

இதைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். டோஸுக்குப் பிறகு சில மணி நேரம் ஓட்டம், நீச்சல், வெந்நீர்க் குளியல் எதுவும் வேண்டாம், உடம்பு சூடேறினால் நேற்று வரை ஒத்துப்போன அதே அளவே இன்று தடித்து வீங்க வைக்கும். வெறும் வயிற்றிலும் கொடுக்காதீர்கள். காய்ச்சலோ இளைப்போ இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். மூன்று நாள் விட்டுப்போனால் நீங்களாக மறுபடி ஆரம்பிக்காமல் ஒரு போன் போடுங்கள். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத பிள்ளைக்கு இதைத் தொடங்கவே கூடாது. என்னைக் கேட்டால், தினமும் ஒரே நேரத்தில் கொடுத்துக் கூட உட்கார ஆள் இல்லாத வீடு இதில் இறங்க வேண்டாம்.

கேள்வி: நாமே மிக்ஸியில் அரைத்து...

வேண்டவே வேண்டாம் தம்பி.

கேள்வி: மகனுக்கு இப்போது விழுங்கும்போது தொண்டையில் அடைக்கிறதாம்.

இன்றே சொல்லுங்கள். லேசான வயிற்றுவலியும் வாய் அரிப்பும் சகஜம், ஆனால் சிலருக்கு உணவுக்குழாயிலேயே அழற்சி வரும், அப்போது டோஸை நிறுத்த வேண்டிவரும்.

கேள்வி: பால், முட்டை, கடலை மூன்றுமே ஒத்துக்கொள்ளாவிட்டால்?

ஓமாலிசுமாப் என்ற அலர்ஜி தடுப்பு மருந்து ஊசியைப் பற்றிக் கேளுங்கள். 2024-இல் அமெரிக்காவில் ஒரு வயதிலிருந்தே அனுமதித்தார்கள், இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பல உணவுகளுக்கும் சேர்த்து. நிறுத்தினால் பாதுகாப்பும் போய்விடும், விலையும் அதிகம். பாலும் முட்டையும் வளர வளர நிறையப் பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாகும், அதையும் டாக்டரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.