பழைய கொலுசை உருக்கும் முன்

வணக்கம்.
அம்மாவின் பழைய கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாம் சேர்த்து 60 கிராம் அளவு உருக்கி ஒரு கோல் வார்த்தேன். தட்டத் தொடங்கியதும் ஓரங்கள் வெடித்தன. கம்பியச்சில் இழுத்தால் மூன்றாம் கண்ணிலேயே (துளையிலேயே) அறுகிறது. வெள்ளி போலியா?
ர., ஹட்டன்

அன்புள்ள ர.,

போலி என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் ஒட்டுகளைச் சந்தேகியுங்கள். கொலுசின் ஒவ்வொரு மூட்டிலும் பொடி (ஒட்டவைக்கும் உலோகக் கலவை) வைத்து ஊதியிருப்பார்கள்; அதில் பெரும்பாலும் துத்தநாகம் இருக்கும். அதைவிடக் கெட்டது, அறுந்த கொலுசை யாரோ ஈயப்பற்று வைத்து ஒட்டிக் கொடுத்திருப்பது. வெள்ளி நகையில் ஈயம் வைப்பதை நான் வேலையாகவே மதிப்பதில்லை. ஈயம் 327 பாகையிலேயே இளகிவிடும். மங்கிய சிவப்புக்குச் சுடும்போது வெள்ளி திடமாகவே இருக்க, உள்ளே படர்ந்த ஈயம் நீராகிப் பிடிப்பை விட்டுவிடும். உங்கள் கோலைச் சுட்டு, இடுக்கியால் பிடித்து லேசாக வளையுங்கள். அப்போதே உடைந்தால் பெரும்பாலும் ஈயம்தான். செம்பு சேர்த்தாலும் வெங்காரத்தை அள்ளிப் போட்டாலும் அது போகாது. நல்ல வெள்ளியோடு கலக்காமல் சுத்திகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சூட்டில் உடையாமல், பல அடிகளுக்குப் பிறகு ஓரம் மட்டும் வெடித்தால் குறை பதம்காட்டியதில், அதாவது இடையிடையே சுட்டு இளக்கியதில். 6 மில்லிமீற்றர் கோல் 4 ஆனதும் ஒருமுறை சுடவேண்டும். கம்பியானால் மூன்று, நான்கு கண்ணுக்கு ஒருமுறை. மங்கிய சிவப்பு வெயிலில் தெரியாது, சன்னலை மூடிவிட்டுச் சுடுங்கள். சிவப்பு மறைந்து கறுத்த பிறகே தண்ணீரில் போடுங்கள். ஓரத்தில் கீறல் கண்டால் உடனே அரத்தால் ராவி எடுங்கள். மேலே தட்டினால் அது உள்ளே ஓடும்.

அடுத்த முறை மூட்டுகளின் இருபுறமும் 3 மில்லிமீற்றர் விட்டு வெட்டி, அந்தத் துண்டுகளைத் தனியாகச் சேருங்கள். பூட்டுக்குள் இரும்புச் சுருள் இருக்கலாம், காந்தத்தால் தேடி எடுங்கள். மீதியில் 2 கிராம் மட்டும் உருக்கித் தட்டிப் பாருங்கள். காகிதத் தடிப்புவரை, இடையிடையே சுட்டுத் தட்டும்போது வெடிக்காவிட்டால் முழுவதையும் மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) போடலாம்.

ஹட்டன் ஈரத்துக்கு ஒன்று: வார்ப்பச்சு காய்ந்ததுபோல் தெரிந்தாலும் நம்பாதீர்கள். ஈரம் ஆவியாகி உருகிய வெள்ளியை முகத்தில் அடிக்கும். ஊற்றுமுன் அச்சை நன்றாகச் சூடாக்கி, அதன்மேல் ஒரு துளி தண்ணீர் விட்டால் சுரீரென்று ஆவியாகவேண்டும். அந்தத் துளி முழுவதும் மறைந்த பிறகே ஊற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் ஊற்றவே வேண்டாம்.