தாராவி மூன்றாம் வகுப்பு: வாக்கியக் கணக்கை (சொற்களில் எழுதிக் கேட்கும் கணக்கு) பதினொரு பிள்ளைகள் வாயால் சொன்னால் சரி, தாளில் பூஜ்யம். மதிப்பெண்ணைக் கூட்டிப் போடலாமா?

கூட்டிப் போடாதீர்கள். தாளில் வந்ததை அப்படியே பதிவேட்டில் ஏற்றுங்கள். அந்தப் பதினொரு பிள்ளைகளும் வாய்மொழியாகச் செய்துகாட்டியதைத் தேதி போட்டுத் தனிக் குறிப்பாக எழுதி வையுங்கள். மதிப்பெண்ணைக் கூட்டச் சொல்லித் தலைமை ஆசிரியர் வற்புறுத்தினாலும் அந்தக் குறிப்பைக் காட்டிப் பேசலாம். மதிப்பெண்ணை மாற்றிவிட்டால் அடுத்த ஆண்டு வரும் ஆசிரியருக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. எனக்கு அதுதான் பெரிய கவலை.

வாக்கியக் கணக்கில் மட்டும் தவறுகிறார்கள் என்றால் பெரும்பாலும் வாசிப்புதான் காரணம். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் இந்தி. தாளிலோ ‘மீதமுள்ளவை எத்தனை?’ என்று இருக்கிறது. ‘எவ்வளவு மிச்சம்?’ என்று கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவார்கள்.

ஒவ்வொருவராக அழைத்துப் பாருங்கள்:

1. அதே கேள்வியை வாசிக்கட்டும். முடியாவிட்டால் நீங்கள் வாசியுங்கள்.
2. என்ன கேட்கிறார்கள் என்று சொந்த வார்த்தையில் சொல்லட்டும்.
3. கூட்டலா, கழித்தலா? அப்புறம் போட்டு, விடையை எழுதட்டும்.

எந்தப் படியில் நிற்கிறார்களோ அங்கேதான் சிக்கல். ஆஸ்திரேலியக் கல்வி ஆய்வாளர் ஆன் நியூமன் 1977-ல் வெளியிட்ட பிழை ஆய்வு முறை இப்படித்தான் போகும். நீங்கள் வாசிக்கும்போது எண்களை அழுத்திச் சொல்லாதீர்கள். சொன்னால் விடை தானாக வந்துவிடும், சிக்கல் எங்கே என்று தெரியாது.

இவர்கள் ஐந்தாம் வகுப்புக்குப் போனதும் விஷயம் வேறு. கல்வி உரிமைச் சட்டத்தின் 2019 திருத்தப்படி ஆண்டுத் தேர்வில் தவறினால் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு. அதிலும் தவறினால் அதே வகுப்பில் நிறுத்த அரசு அனுமதிக்கலாம். எனவே வாசிப்புப் பயிற்சியை இப்போதே தொடங்கிவிடுங்கள்.